சரளமாகப் பேசுவதும் பக்கவாத அறிகுறியே

ஆசிரியருக்கு,

பக்கவாதம் என்றால் வாய் கோணும், கை விழும் என்பதோடு விழிப்புணர்வுக் கட்டுரைகள் பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. அது போதாது; பக்கவாதம் மூளையின் எந்தப் பகுதியைத் தாக்குகிறதோ, அதைப் பொறுத்து அறிகுறியும் மாறும்.

பெரும்பாலானோருக்கு மொழியை ஆள்வது பெருமூளையின் இடது அரைக்கோளம். அதன் நெற்றி மடலில் (முன்பகுதியில்), 1861-இல் பிரெஞ்சு மருத்துவர் பிரோக்கா சுட்டிய பகுதி கெட்டால் சொற்கள் திக்கித் திணறி வரும்; பிறர் பேசுவது பெருமளவு புரியும். முகத்தையும் கையையும் இயக்கும் புறணி (மூளையின் மேலடுக்கு) பக்கத்திலேயே இருப்பதால் வலது கையும் பெரும்பாலும் தளரும். பொட்டு மடலின் (காதை ஒட்டிய பக்கப் பகுதியின்) பின்மேல் பகுதி, அதாவது 1874-இல் ஜெர்மன் மருத்துவர் வெர்னிக்கி விவரித்த இடம், கெட்டால் நிலைமை வேறு. பேச்சு தடையின்றி ஓடும், பொருள்தான் இராது, கேட்பதும் புரியாது. கை கால்கள் நன்றாகவே இயங்கலாம். குடிபோதை, மனநோய் என்று வீட்டார் நினைத்து நேரத்தை இழப்பது இங்கேதான். மூளையின் பின்புறமுள்ள பிடரி மடல் பாதித்தாலோ, வலியே இல்லாமல் இரு கண்களிலும் ஒரே பக்கப் பார்வை போகலாம்.

இவற்றில் எது திடீரென்று வந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள், மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று ஸ்கேனில் உறுதிசெய்த பிறகே செலுத்துவார்கள். நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரத்தை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நரம்பியல் மருத்துவர் ஒருவர்