ஸ்பின் ஆகலைன்னா உடனே போர்டு போச்சுன்னு சொல்லாதீங்க: வாஷிங் மெஷின் கம்பெனிகளுக்கு ஒரு திறந்த மடல்

வாஷிங் மெஷின் விக்கிற எல்லா கம்பெனியோட சர்வீஸ் டிபார்ட்மென்ட் பெரியவங்களுக்கு,

வணக்கம். காரைக்குடி பக்கம் கோட்டையூர்ல இருந்து எழுதுறேன். எங்க மெஷின் எந்த கம்பெனின்னு போடல, வேற வேற கம்பெனி மெஷின் வச்சிருக்க சொந்தக்காரங்ககிட்ட சொன்னா அவங்களும் "எங்க வீட்லயும் அப்படியே"ங்கிறாங்க, அதனால எல்லாருக்கும் பொதுவாவே இருக்கட்டும்.

நடந்தது இதுதான். எங்க வீடு பழைய வீடு, பல புள்ளிக்கு, அதாவது பல குடும்பத்துக்கு, பங்குள்ள வீடு. போன மாசம் ஒரு கல்யாணத்துக்கு பங்காளிகள்லாம் வந்து தங்குவாங்கன்னு வெள்ளையடிச்சோம், அப்ப பின்கட்டு குழாயடியில இருந்த மெஷினை தூக்கி இரண்டாங்கட்டு பத்தியில, அதாவது முற்றத்து ஓரத் தாழ்வாரத்துல, வச்சுட்டோம். டாப் லோடு ஃபுல்லி ஆட்டோமேட்டிக், ஆறு வருஷமா ஓடுது. ரெண்டு வாரம் ஓடுச்சு, ஆனா முன்னைவிட நேரம் எடுத்துச்சு. அப்புறம் ஒருநாள் துவைச்சு முடிச்சு அலசிட்டு அப்படியே நின்னு பீப் பீப்னு கத்துது. மூடியைத் திறந்தா துணி எல்லாம் தண்ணியில மிதக்குது. உள்ள எங்க அத்தையோட கண்டாங்கி மூணு. கண்டாங்கிச் சேலையை தண்ணியோட தூக்கி கையால பிழிஞ்சு பாத்திருக்கீங்களா? நானும் எம்மகளும் ஆளுக்கொரு முனையைப் புடிச்சு முறுக்கினோம், மறுநாள் மணிக்கட்டு வீங்கிப் போச்சு.

உங்க கஸ்டமர் கேருக்கு போன் போட்டேன். மாடல் நம்பர், சீரியல் நம்பர், பின்கோடு, வாங்குன தேதி எல்லாம் கேட்டாங்க. "தண்ணி வெளிய போகுதாம்மா?"ன்னு மட்டும் கேக்கல. அந்த ஒரே கேள்வியில பாதி விஷயம் முடிஞ்சிருக்கும்ங்கிறது எனக்கு அப்ப தெரியாது, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்ல?

நாலாவது நாள் ஆள் வந்தார். தம்பி நல்ல பையன்தான், அவரைக் குறை சொல்லல. வந்தார், ரெண்டு பட்டனை அமுக்கினார், டிஸ்ப்ளேயை போட்டோ எடுத்தார், "பிசிபி போர்டு போயிருச்சு, 6,800 ஆகும், ஆர்டர் போட்டா பத்து நாள்ல வரும், இல்லாட்டி எக்ஸ்சேஞ்ச் போட்டு புதுசு வாங்கிருங்க"ன்னார். (போர்டுன்னா மெஷினோட மூளை மாதிரி, எல்லாத்தையும் இயக்குற சர்க்யூட் அட்டை.) எல்லாம் சேத்து பத்து நிமிஷம் இருக்கும். விசிட் சார்ஜ் 450 வாங்கிட்டு எஸ்டிமேட் ஒண்ணு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டார். பின்பக்கத் தகட்டுல ஒரு ஸ்குரூவைக்கூட கழட்டல, குனிஞ்சு தண்ணி வெளிய போற ஹோஸ் எங்க போகுதுன்னும் பாக்கல.

அப்புறம்தான் காரைக்குடியில மிக்ஸி, கிரைண்டர்னு எல்லாம் பாக்குற ஒரு அண்ணனைக் கூப்பிட்டோம். வந்தவர் மெஷினையே தொடல, முதல்ல சுத்தி நடந்து பாத்தார். "ஆச்சி, ஹோஸை ஏன் நிலைப்படி மேல ஏத்தி விட்டிருக்கீக?"ன்னார். எங்க வீட்டு நிலைப்படி உங்களுக்குத் தெரியாது, முக்கா அடி உசரம் இருக்கும், முற்றத்து சாக்கடைக்கு தண்ணி போகணும்னா அதைத் தாண்டித்தான் போகணும், அதனால ஹோஸை மேல ஏத்தி அந்தப் பக்கம் இறக்கி விட்டிருந்தோம். அவர் சொல்லித்தான் தெரிஞ்சுது, இந்த மாதிரி மெஷின் நிறையத்துல தண்ணியை வெளிய தள்ள பம்ப்பே கிடையாது, வால்வு திறந்ததும் தண்ணி தானா கீழ இறங்கிப் போகணும், அவ்வளவுதான். ஹோஸ் தரையோட தரையா கிடக்கணும். மேட்டுல ஏத்தினா அந்த உசரத்துக்கு கீழ இருக்க தண்ணி உள்ளயே நின்னுபோகும்.

சரி, அது எங்க தப்பு. ஒத்துக்கிறேன்.

அடுத்து ப்ளக்கைப் பிடுங்கிட்டு தகட்டைக் கழட்டி வால்வைத் திறந்தார். உள்ள எலுமிச்சம்பழ அளவுக்கு பஞ்சு உருண்டை, அதுக்கு நடுவுல துருப்பிடிச்ச ஊக்கு ஒண்ணு. சேலைக்குக் குத்துன ஊக்கை எடுக்காமப் போட்டது யாருன்னு வீட்ல இன்னும் யாரும் ஒத்துக்கல. ஏற்கனவே தண்ணி மெதுவாத்தான் வடிஞ்சிருக்கு, அதுல இந்த உருண்டை வேற வாயை அடைச்சுருச்சு. சுத்தம் பண்ணி மாட்டி, நிலைப்படி ஓரமா ஹோஸை தரையோட திருப்பி முற்றத்து ஓட்டை வழியா விட்டார், ஸ்பின் போட்டா விர்ர்ருன்னு சுத்துது. வாங்கினது 350 ரூபா.

இப்ப என் கோவம் எங்கன்னு சொல்றேன். துவைக்கும்போது டப் நிக்கும், அடியில இருக்க தட்டு மட்டும்தான் சுத்தும். ஸ்பின்னுக்கு, தண்ணியை வடிய விடுற ட்ரெயின் மோட்டர் ஒரு கம்பியை இழுக்கும், அந்த ஒரே இழுப்புல வால்வும் திறக்கும், டப்பை சுழற்சியோட இணைக்குற கிளட்ச்சும் மாறும், அப்பத்தான் டப்பே சுத்தும். உள்ள தண்ணி எவ்வளவு இருக்குன்னு ஒரு சென்சார் போர்டுக்குச் சொல்லிக்கிட்டே இருக்கும், தண்ணி இருக்குன்னா போர்டு ஸ்பின்னுக்கு விடாது. அப்ப எங்க வீட்டுப் போர்டு என்ன பண்ணுச்சு? தண்ணி இருக்கு, சுத்த மாட்டேன்னு நின்னுச்சு. அது தன் வேலையை ஒழுங்காப் பாத்திருக்கு! வேலை பாத்த ஒரே ஆளையும் வேலையை விட்டுத் தூக்கணும்னு எழுதிக் குடுத்துட்டுப் போனது நீங்க அனுப்புன ஆளு.

ஸ்பின் ஆகாததுக்கு போர்டு காரணமே இல்லைன்னு சொல்ல வரல. போர்டும் போகும்தான். ஆனா அதுக்கு முன்னாடி எத்தனை இருக்கு! மூடி சுவிட்ச், தேய்ஞ்ச பெல்ட், எலி கடிச்ச ஒயர், ஒத்தை ஜமுக்காளத்தைப் போட்டு அது ஒரு பக்கமா ஒதுங்கிக்கிறது, தரை சரிவு. பத்தியில தண்ணி தேங்காம ஓடணும்னு எங்க தரையை லேசா சரிச்சுத்தான் போட்டிருப்பாங்க, மெஷின் கால் நாலும் சமமா உக்காராது, ஸ்பின்ல ஆட்டம் வந்ததும் மெஷின் பயந்து நின்னுரும். பக்கத்து வீட்டு ஆச்சிகிட்ட செமி ஆட்டோமேட்டிக், அதுல ஸ்பின் மோட்டர் ம்ம்ம்னு முனகும், சுத்தாது, கையால சுத்திவிட்டா கிளம்பும். அது பெரும்பாலும் மோட்டரைக் கிளப்பிவிடுற கெப்பாசிட்டர், சின்ன காசு. (கரண்டை ஆஃப் பண்ணினாலும் கெப்பாசிட்டர்ல சார்ஜ் நிக்கும், தெரியாதவங்க தொடாதீங்க.)

இதெல்லாம் நீங்க போன்லயே கேக்கலாம்ல? தண்ணி வடியுதா, ஹோஸ் எங்க கிடக்கு, மோட்டர் சத்தம் வருதா, மெஷினை இடம் மாத்தினீங்களா. இதை நல்ல தமிழ்ல ஒரு ஸ்டிக்கர் அடிச்சு மூடிக்கு உள்பக்கம் ஒட்டுங்க. புத்தகத்துல இருக்குங்காதீங்க, அந்த எழுத்து எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு, தமிழ்ப் பக்கத்துல "வடிகட்டல் செயலிழப்பு"ன்னு போட்டிருக்கு, அதுக்கு என்ன அர்த்தம்னு நாலு பேர் உக்காந்து யோசிச்சோம். ஒரு பார்ட்டை மாத்தினா பழைய பார்ட்டை எங்க கையில குடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. அந்த அண்ணன் மாதிரி ஆளுங்களுக்கு ஒரிஜினல் ஸ்பேரும் ஒயரிங் படமும் குடுங்க, அவர் ட்ரெயின் மோட்டருக்கு மதுரைக்கு அலையுறார். சென்ட்ரல் கவர்மென்ட்டே 2022ல ரைட் டு ரிப்பேர்னு, அதாவது பொருளை ரிப்பேர் பண்ணிக்கிற உரிமைக்குன்னு, போர்ட்டல் தொடங்கி, மேனுவலையும் ஸ்பேர் விவரத்தையும் மக்கள் பார்வைக்கு வைங்கன்னு உங்களைத்தான் கேட்டிருக்கு.

நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் பண்ணி கம்ப்ளெய்ன்ட் குடுக்கச் சொல்லி எம்மகள் நச்சரிக்கிறா. குடுக்கத்தான் போறேன், அந்த 450 ரூபாய்க்கு. மெஷினைத் திறக்காமலே எழுதுன எஸ்டிமேட்டுக்கு விசிட் சார்ஜ் எதுக்குன்னு நீங்க பதில் சொல்லணும்.

அந்த தம்பி மேல நடவடிக்கை எதுவும் எடுத்துராதீங்க. ஒரு நாளைக்கு எத்தனை வீடு, எவ்வளவு டார்கெட்னு அவருக்கு குடுத்து அனுப்புறது நீங்க. இன்னொரு தடவை இந்தப் பக்கம் வந்தா வீட்டுக்கு வரச் சொல்லுங்க. ஊக்கை டப்பால போட்டு வச்சிருக்கேன், காட்டுறேன், காப்பி குடிச்சுட்டுப் போகட்டும்.

இப்படிக்கு,
கோட்டையூர்ல இருந்து ஒரு கஸ்டமர்