ரோம்ல இருந்து மாலுவுக்கு

மாலு,

உன் வாய்ஸ் மெசேஜ் எல்லாம் கேட்டேன்டி. போன்ல சொல்லி முடியாது, அதான் உக்காந்து டைப் பண்றேன். இங்க எல்லாரும் சௌக்கியம், குளிர் விட்டுருச்சு, அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையாம். நம்ம ஹாஸ்டல் ஊறுகாய் பார்ட்டிக்கு நிச்சயம் ஆயிருச்சுன்னு நீ சொல்லித்தான் தெரியுது, எனக்கு ஒரு வார்த்தை சொல்லல பாரு. நேர்ல சிக்கட்டும், வார்டன் குரல்லயே திட்றேன்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். ஆபீஸ்ல புதுசா ஒருத்தி சேந்திருக்கா, பியூனஸ் ஐரிஸ்காரி, யூதப் பொண்ணு. கோஷர், அதாவது அவங்க மத விதிப்படி செஞ்ச சாப்பாடு, இல்லாத எதையும் வாயில வைக்க மாட்டா. பிளேன்ல கூட அவளுக்குன்னு முன்னாடியே சொல்லி வச்ச சாப்பாடு சீல் போட்டு வரும், அந்த சீலை அவதான் பிரிப்பா. வெளியூர் போனா ஹோட்டல் ரூம் ஜெபக்கூடத்துக்கு நடந்து போற தூரத்துல இருக்கணும், ஏன்னா வெள்ளி சாயங்காலம் பொழுது சாஞ்சதுலேர்ந்து சனி ராத்திரி வரைக்கும் அவங்க ஓய்வு நாள், வண்டி ஏற மாட்டா, லிஃப்ட் பட்டனைத் தொட மாட்டா, கரண்ட்ல தெறக்குற கார்டு சாவி கூட ஆகாது, ரிசப்ஷன்ல பேசி சாதா சாவி வாங்குவா. இதெல்லாம் அவ சலிச்சுக்கிட்டுச் செஞ்சு நான் பாத்ததே இல்ல, அதுதான் எனக்கு அவ்வளவு பிடிச்சுப் போச்சு.

அவளோட சேந்து நானும் இப்ப ஞாயித்துக்கிழமையானா பழைய கெட்டோ பக்கம்தான், யூதர்களை முன்னாடி அடைச்சு வச்சிருந்த பகுதி. உள்ளூர் யூதர்கள் அந்த ஏரியாவை 'பியாஸ்ஸா'ன்னு மட்டும் சொல்வாங்க. நீ உன் மாமியாரைக் கூட்டிட்டு வந்தா அங்கதான் சாப்பாடு, இப்பவே சொல்லிட்டேன். பாலும் கறியும் கலக்கக் கூடாதுங்கிறதால கறி ஹோட்டல் தனி, பால் ஹோட்டல் தனி, சட்டி கரண்டி எல்லாமே தனி. பால் ஹோட்டல் அடுப்படியில கறிங்கிற பேச்சுக்கே எடமில்ல, சைவம் சாப்பிடுற நமக்கு வேற என்னடி வேணும்! மீன் மட்டும் இருக்கும், அதைக் கேட்டுக்கணும். சீஸ் உறைய வைக்க என்ன போடுறாங்கன்னும் கேக்கணும், கோஷர்னா சைவம்னு அர்த்தமில்ல. இன்னொண்ணு, அந்தத் தெருவுல 'யூத-ரோமானியச் சமையல்'னு போர்டு வச்ச கடையெல்லாம் கோஷர் கிடையாது, ரபிமார் (யூத மதகுருக்கள்) குடுத்த சர்டிபிகேட் மாட்டியிருக்கான்னு பாத்துட்டுத்தான் அவ உள்ள காலே வைப்பா.

அங்க ஆர்ட்டிசோக்னு ஒரு பூமொட்டுக் காயை முழுசா எண்ணெயில பொரிச்சுத் தருவாங்க பாரு, செவ்வந்திப் பூ விரிஞ்ச மாதிரி இருக்கும், மொறுமொறுன்னு இதழ் இதழாப் பிச்சுத் திங்கணும். 2018-ல இஸ்ரேல் தலைமை ரபி அலுவலகம், உள்ள பூச்சி இருக்கும், முழுசாப் பொரிச்சா கோஷர் ஆகாதுன்னு சொல்லிருச்சு. ரோம் யூதர்கள் விடல. எங்க ஊரு ஆர்ட்டிசோக்ல இதழ் இறுக்கமா இருக்கும், பூச்சி நுழையாது, தலைமுறை தலைமுறையா இப்படித்தான் திங்கறோம்னு நின்னாங்க. இங்க தலைமை ரபி ரிக்கார்தோ தி செஞ்ஞி அதைச் சுத்தம் பண்றதை வீடியோவாவே போட்டார். எனக்கு அவ்வளவு சந்தோஷம்டி. 2,000 வருஷத்துக்கு மேல இதே ஊர்ல இருக்குற ஜனங்க, அவங்களுக்குத் தெரியாதா அவங்க அடுப்படி?

ஆமா, 2,000 வருஷம். கிறிஸ்தவம் இந்த ஊருக்கு வர்றதுக்கு முன்னாடியே வந்தவங்க. 1555-ல நாலாம் பவுல் போப்பாண்டவர் அவங்களை ஆத்தோரம் வெள்ளம் ஏறுற எடத்துல அடைச்சு சுவர் கட்டினார், ராத்திரியானா கேட்டைப் பூட்டிருவாங்க, பழைய துணி விக்கிறதைத் தவிர வேற வியாபாரம் அநேகமா எதுவும் கூடாது. ஜெபக்கூடம் ஒண்ணே ஒண்ணுதான் வச்சுக்கலாம்னு சட்டம், இவங்க ஒரே கட்டடத்துக்குள்ள அஞ்சு வச்சாங்க. 1870 வரைக்கும் முழு விடுதலை இல்ல.

இதுக்கு மேல எழுதறதுக்குக் கை வர மாட்டேங்குது, ஆனா உன்கிட்ட சொல்லாம யார்கிட்ட சொல்வேன். 1943 செப்டம்பர் கடைசியில, ரோமைப் பிடிச்சு வச்சிருந்த ஜெர்மன்காரன் இந்த யூதர்கள்கிட்ட 36 மணி நேரத்துல 50 கிலோ தங்கம் குடு, இல்லன்னா 200 பேரை நாடு கடத்துவேன்னு சொன்னான். மோதிரம், கம்மல், செயின்னு வரிசையில நின்னு கழட்டிக் குடுத்தாங்க, யூதர் இல்லாதவங்களும் வந்து குடுத்தாங்க. நகையக் கழட்டிக் குடுக்கிறதுன்னா என்னன்னு உங்கம்மா விஷயத்துல நாம பாத்ததுதானே மாலு. 50 கிலோவும் சேந்துச்சு, எடை போட்டுக் குடுத்தாங்க, இனி பயமில்லைன்னு நம்பினாங்க. மூணு வாரம் தாண்டல. அக்டோபர் 16, சனிக்கிழமை, விடியக்காலையில வீடு வீடா வந்து இழுத்துட்டுப் போனான். 1,000 பேருக்கு மேல அவுஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு ரயில் ஏத்தினாங்க, திரும்பினது 16 பேர். அதுல ஒரே ஒரு பொம்பள. அந்த வீட்டு வாசல்கள்ல இப்ப சின்னச் சின்ன பித்தளைக் கல் பதிச்சிருக்காங்க, பேரும் பொறந்த வருஷமும் போட்டு. குழந்தைங்க கல்லெல்லாம் இருக்குடி. நான் அந்தத் தெருவுல தரையைப் பாத்துத்தான் நடக்குறேன்.

என் ஆபீஸ்காரிக்கு வேற கவலை. பெரிய ஜெபக்கூடத்து வாசல்ல எப்பவும் காவல் நிக்கும். 1982 அக்டோபர்ல பண்டிகைத் தொழுகை முடிஞ்சு வெளிய வந்தவங்க மேல கையெறி குண்டு வீசிச் சுட்டாங்க, ரெண்டு வயசுப் பையன் ஒருத்தன் செத்துப் போனான். துப்பாக்கிக்காரனைத் தாண்டி சாமி கும்பிடப் போற பழக்கம் என் புள்ளைங்களுக்கும் வேணுமான்னு அவ கேட்டா. என்கிட்ட பதில் இல்ல. ஆனாலும் ரோம்ல இன்னும் சுமார் 13,000 பேர் இருக்காங்க, பள்ளிக்கூடம் இருக்கு, கசாப்புக் கடை இருக்கு, வயசானவங்க சாயங்காலம் பெஞ்சுல உக்காந்து சண்டை போடுறாங்க. எனக்கு அதுதான் பெருசாத் தெரியுது.

இப்ப உனக்கு ஒரு வேலை. அவ டிசம்பர்ல கொச்சி வர்றா, மட்டாஞ்சேரி பரதேசி சினகாக், அதான் அங்க இருக்குற யூத ஜெபக்கூடம், பாக்கணுமாம். 1568-ல கட்டினது, கட்டடம் ஜம்முனு இருக்கு, ஆனா ஜனங்க முக்காவாசி இஸ்ரேலுக்குப் போயிட்டாங்க, தொழுகைக்கு வேண்டிய பத்து ஆம்பளைக்கே வெளியூர்க்காரங்க வந்தாத்தான் உண்டுன்னு நான் சொன்னேன். பரவால்ல, வர்றேன்னா. நீ எர்ணாகுளத்துல இருக்கறதால உன் வீட்லதான் சாப்பாடுன்னு வாக்கு குடுத்துட்டேன். புதுசா ஒரு எவர்சில்வர் குக்கரும் ரெண்டு பாத்திரமும் வாங்கி வை, ஒரு தடவை கூட பொழங்கிராத, அவங்க சடங்குப்படி அவளே கடல்ல முக்கி எடுத்துக்குவாளாம். அடுப்பை அவதான் பத்த வைக்கணும், அப்புறம் சமைக்கிறது நீ. அரிசி பருப்பை அவ கண்ணு முன்னாடி புடைச்சுப் பொறுக்கு, காலிஃபிளவர் பக்கமே போகாத. காசு நான் அனுப்புறேன், வேணாம்னு சண்டை போடாத.

தேதி தெரிஞ்சதும் எழுதறேன்.

உன்
வாணி