என் தூக்கத்துக்குக் காவல் இருந்தவர்களுக்கு

தூக்கத்தில் நான் யாரையும் அடிக்காமல் ஆறு மாதம் ஆகிவிட்டது. அதற்குக் காரணமானவர்களுக்கே இந்த மடல்.

முதலில் என் மனைவிக்கு. கனவில் ஒரு நாய் விரட்டியது, ஓங்கி உதைத்தேன். விழித்துப் பார்த்தால் அவள் கட்டிலுக்குக் கீழே மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "என்னங்க, கனவா?" என்றுதான் கேட்டாள். வீக்கத்தைப் பார்த்துக் கேட்டவர்களிடம் கதவில் இடித்துக்கொண்டதாகச் சொன்னாள். தனியாகப் படு என்று எவ்வளவோ சொன்னேன். "நீங்க விழுந்தா யாரு பாக்குறது?" என்று மறுத்துவிட்டாள். இரண்டு வருஷம்!

முதலில் பார்த்த மருத்துவர் மன உளைச்சல் என்று மாத்திரை கொடுத்தார். அதில் கைகால் வீச்சு கூடியது. அப்போது மகள் விடியற்காலையில் விழித்திருந்து செல்போனில் எடுத்த காணொளிதான் நரம்பியல் மருத்துவரிடம் பேசியது. மகளே, அந்த மருத்துவர் என்னை விட்டுவிட்டு உன் அம்மாவிடம்தான் நிறையக் கேட்டார். எந்த நேரத்தில் வருகிறது, எழுப்பினால் உடனே தெளிகிறாரா, கனவு நினைவிருக்கிறதா என்று. சில மனச்சோர்வு மாத்திரைகளே இதைக் கிளப்பிவிடும் என்று சொல்லி, பழைய மாத்திரையை மெல்லக் குறைத்து நிறுத்தினார்.

தூக்க ஆய்வகத்தில் இரவு முழுக்கக் கண் விழித்த தொழில்நுட்பர் தம்பிக்கும் நன்றி. தாடையில் ஒரு வயரை ஒட்டிக்கொண்டே, "சார், கனவு வரும் தூக்கத்தில் மூளைத்தண்டு உடம்புத் தசையைக் கட்டிப்போடும். உங்களுக்கு அந்தக் கட்டு அவிழ்ந்திருக்கா என்று இது காட்டும்" என்றார். காட்டியது. கனவு வரும் அந்தத் தூக்கத்துக்கு ரெம் தூக்கம் என்று பெயராம்; என் நோய்க்கு ரெம் தூக்க நடத்தைக் கோளாறு என்று பெயர் என்பது அன்றுதான் தெரிந்தது. 1986-இல் இதைத் தனி நோயாக விவரித்த அமெரிக்காவின் மினசோட்டா மருத்துவர்கள் ஷென்க், மஹோவால்ட் இருவரையும் நான் பார்த்ததில்லை. அவர்களுக்கும் நன்றி.

பின்னாளில் நடுக்கமும் உடல் இறுக்கமும் தரும் பார்க்கின்சன் போன்ற நரம்பு நோய்க்கு இது முன்னறிகுறியாக இருக்கலாம் என்பதை மருத்துவர் மறைக்கவில்லை. மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்து, நிதானமாகச் சொன்னார். அந்த நேர்மைக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்! இப்போது இரவில் மெலடோனின் என்ற தூக்க ஹார்மோன் மாத்திரை, தவறாமல் மருத்துவரிடம் பரிசோதனை.

கட்டில் காலை அறுத்துத் தாழ்த்தி, அருகிலிருந்த மேசையின் கூர்முனைகளை இழைத்துக் கொடுத்த தச்சர், காரணத்தைக் கேட்கவே இல்லை. அண்ணே, அதற்கே உங்களுக்குத் தனி நன்றி.

எங்களுக்கு நடுவே தலையணை வரிசை இன்னும் இருக்கிறது. போன வாரம் அதில் ஒன்றை அவளே எடுத்துவிட்டாள்.