டோடுக்குப் பிறகு எது என்று கேட்ட நண்பனுக்கு

கோவை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சிவராமா,

உன் மடல் கிடைத்தது. கண்புரை அறுவைக்குப் பிறகு அம்மா மறுபடியும் செய்தித்தாள் வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். படித்ததும் மனம் நிறைந்தது. உங்கள் அலுவலகம் ஆரக்கிள் தரவுத்தளத்தை விட்டு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கு மாறுவதையும், அதில் வேலை செய்யக் குழுவின் ஆறு பேருக்கு எந்தக் கருவியை வாங்கித் தருவது என்னும் கேள்வி உன் மேசைக்கு வந்திருப்பதையும் அறிந்தேன். பதினெட்டு ஆண்டுகளாக, ஆரக்கிளில் வேலை செய்ய உதவும் டோட் கருவியைத் திறந்துவைத்துக்கொண்டே காலைக் காப்பியைக் குடித்தவன் நீ. அதன் சின்னமான அந்தத் தேரைப் படம் இல்லாத திரை உனக்கு அந்நியமாகத்தான் இருக்கும்.

நீ இணைத்திருந்த ஒப்பீட்டுப் பட்டியலைப் பார்த்தேன். சொற்களைத் தானாக நிரப்புதல், அட்டவணைகளின் உறவு வரைபடம், எக்செல் ஏற்றுமதி என்று நீளும் அதில், ஏறக்குறைய எல்லாக் கட்டத்திலும் ‘உண்டு’ என்றே எழுதியிருக்கிறாய். எல்லாரும் தேறிவிடும் தேர்வை வைத்து யாரையும் தெரிவு செய்ய முடியாது. நான் உன் இடத்தில் இருந்தால் ஒன்றை மட்டும்தான் பார்ப்பேன்: களைத்துப்போன மாலைப்பொழுதில் உன் குழுவில் ஒருவர் தவறான கட்டளையை இயக்கிவிட்டால், அந்தக் கருவி அவரை எந்த இடத்தில் தடுக்கிறது?

ஆரக்கிளிலிருந்து வருகிறவர்கள் முதலில் வழுக்கும் இடம் கமிட், அதாவது செய்த மாற்றத்தை நிலையாகப் பதியும் கட்டளை. ஆரக்கிளின் கட்டளைக் கருவியான எஸ்க்யூஎல் பிளஸில், தரவை மாற்றும் ஓர் அப்டேட்டை இயக்கினால், நாமாகக் கமிட் கொடுக்கும்வரை அது நிலைக்காது என்பது நம் விரல்களுக்கே பழகிப்போனது. போஸ்ட்கிரெஸுடன் வரும் கட்டளைக் கருவியான பிஎஸ்க்யூஎல்லோ, அமைப்பை மாற்றிவைக்காதவரை, ஒவ்வொரு கட்டளையையும் முடிந்த நொடியிலேயே கமிட் செய்துவிடும். பதறிப்போய், மாற்றத்தைத் திரும்பப் பெறும் ரோல்பேக் கட்டளையைத் தட்டினால், நடப்பில் டிரான்சாக்‌ஷன் எதுவும் இல்லை என்ற எச்சரிக்கை மட்டும் வரும்; கமிட்டிலோ ரோல்பேக்கிலோ முடியும் கட்டளைத் தொகுப்புதான் டிரான்சாக்‌ஷன். டிபீவர் என்னும் வரைகலைக் கருவியில் இணைப்பின் வகையைப் ‘புரொடக்‌ஷன்’ என்று குறித்துவிட்டால், சாளரத்தின் நிறம் மாறுவதோடு கமிட்டும் நம் கைக்கு வந்துவிடுகிறது. (மைஎஸ்க்யூஎல் என்னும் இன்னொரு தரவுத்தளத்தின் கட்டளைக் கருவியில், நிபந்தனை இல்லாத அப்டேட்டையும் டெலீட்டையும் மறுக்கும் ஓர் அமைப்பு உண்டு. ‘நான் ஒரு முட்டாள்’ என்று பொருள்படும் மாற்றுப்பெயரை அதற்கு அதை எழுதியவர்களே சூட்டியிருக்கிறார்கள். நாம் இருவரும் அதை நெற்றியில் ஒட்டிக்கொண்டு திரிந்திருக்க வேண்டியவர்கள்.)

ஆனால் கமிட்டைக் கையில் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு என்று நினைத்துவிடாதே. நான் அப்படி நினைத்துத்தான் மாட்டிக்கொண்டேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு நண்பகலில், ஒரு வரைகலைக் கருவியில் கைக் கமிட் முறையில் தரவை வாசிக்க மட்டும் செய்யும் ஒரே ஒரு செலக்ட்டை இயக்கிப் பார்த்துவிட்டு, சாளரத்தை மூடாமல் சாப்பிடப் போய்விட்டேன். வாசித்ததுதானே என்று எனக்கு எண்ணம். போஸ்ட்கிரெஸில் செலக்ட்டும் அட்டவணையின் மீது ஒரு மெல்லிய பூட்டைப் போடுகிறது. டிரான்சாக்‌ஷன் முடியும்வரை அந்தப் பூட்டு விலகாது. அந்த நேரம் பார்த்து உடன் பணிபுரிபவர் அதே அட்டவணையில் ஒரு நெடுவரிசையைச் சேர்க்க ஆல்டர் டேபிள் கொடுத்திருக்கிறார். அது என் பூட்டுக்காகக் காத்து நின்றது. அதற்குப் பின்னால் வந்த சாதாரண வினவல்களெல்லாம் அதன் பின்னே வரிசை கட்டி நின்றன. நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் பில் போடும் திரை முழுவதும் உறைந்திருந்தது. ஆரக்கிளில் வெறும் வாசிப்பு இப்படி வழிமறிப்பதில்லை என்பதால், காரணம் நானே என்று உணர எனக்கு வெகுநேரம் பிடித்தது.

ஆகவே கருவியை வாங்குமுன் சர்வரில் இரண்டு வேலைகளைச் செய்துவிடு. டிரான்சாக்‌ஷனைத் திறந்துவைத்துவிட்டுச் சும்மா இருக்கும் இணைப்பைக் குறித்த நேரத்திற்குப் பின் துண்டிக்கும் அமைப்பு 2016இல் வெளியான 9.6ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது. அதை நாமாக இயக்கிவைக்காதவரை அது வேலை செய்யாது. அடுத்தது, நிஜத் தரவு இருக்கும் உற்பத்திச் சர்வருக்கு (புரொடக்‌ஷன்) அன்றாடம் நுழையும் பெயருக்கு வாசிக்கும் உரிமையை மட்டும் கொடு; 14ஆம் பதிப்பு முதல் அதற்கென்றே ஆயத்தமான ரோல் (உரிமைத் தொகுப்பு) உள்ளது. எழுத வேண்டியபோது வேறு பெயரில் நுழையட்டும். சலிப்பாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

இவற்றுக்குப் பிறகு கருவியின் பெயரைச் சொல்வது எளிது. எல்லாருக்கும் டிபீவரின் கம்யூனிட்டி பதிப்பைக் கொடு. அது திறமூல உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பல தரவுத்தளங்களுக்கும் பொதுவான ஜேடிபிசி என்னும் இணைப்பு முறை வழியாக இணைவதால், மாறிக்கொண்டிருக்கும் இந்தக் காலத்தில் ஆரக்கிளையும் போஸ்ட்கிரெஸையும் ஒரே சாளரத்தில் வைத்து எண்களை ஒப்பிட முடியும். இன்றைய உன் நிலையில் இதைவிடப் பெரிய வசதி இல்லை. நாள் முழுவதும் தரவுத்தளத்துக்குள் இயங்கும் செயல்முறைகளை எழுதும் ஓரிருவர் டேட்டாகிரிப் என்னும் கருவியைக் கேட்டால் மறுக்காதே, சந்தா கட்ட வேண்டியிருந்தாலும் அது குறிமுறையைப் புரிந்துகொள்ளும் விதம் தனி. நிர்வாகம் பார்ப்பவருக்கு, போஸ்ட்கிரெஸுக்கான பிஜிஅட்மின் கருவி போதும்.

பிஎஸ்க்யூஎல்லை மட்டும் ஆறு பேரும் கற்றாக வேண்டும். தொலைவிலுள்ள சர்வரில் நள்ளிரவில் நுழையும்போது வேறெதுவும் இருக்காது. பின்சாய்வுக் கோட்டுடன் ‘டி’ என்று தட்டி அட்டவணையின் பெயரைச் சொன்னால், அதன் நெடுவரிசைகளும், தேடலை விரைவாக்கும் இன்டெக்ஸ்களும் ஒரே பார்வையில் வந்து நிற்கும். ஒன்றில் கவனம் தேவை: அது, மதிப்பே இல்லை என்பதைக் குறிக்கும் ‘நல்’லையும் (NULL), எழுத்தே இல்லாத வெற்றுச் சரத்தையும் ஒரே வெற்றிடமாகவே காட்டும். இரண்டையும் ஒன்றாகவே கருதும் ஆரக்கிளில் பழகிய கண்ணுக்கு இந்த வேறுபாடு எளிதில் தென்படாது; ‘நல்’லுக்கு ஓர் அடையாளக் குறியை முதல் நாளே அமைத்துக்கொள்ளச் சொல்.

எழுதிய வினவல்களைக் கருவிக்குள்ளேயே சேமிக்க யாரையும் விடாதே. 2018இல் வெளிவந்த அசூர் டேட்டா ஸ்டுடியோ என்னும் தரவுத்தளக் கருவியை நம்பிப் பலர் பழகிய பிறகு, 2026 பிப்ரவரியோடு அதற்கு ஓய்வு கொடுப்பதாக மைக்ரோசாஃப்ட் 2025இல் அறிவித்துவிட்டது. சாதாரண எழுத்துக் கோப்புகளாக, கோப்புகளின் பதிப்புகளைக் காக்கும் ‘கிட்’ (Git) கருவியில் வைத்திருந்தால், நாளை எந்தக் கருவி வந்தாலும் திறந்துகொள்ளலாம்.

உன் இரவு நேரச் சரக்கிருப்பு வினவல் ஆரக்கிளில் எடுத்துக்கொண்டதைவிட நான்கு மடங்கு நேரம் எடுப்பதாக எழுதியிருந்தாயே, அதை, வினவல் எப்படி இயங்கியது, எங்கே நேரம் போனது என்று காட்டும் எக்ஸ்பிளெய்ன் அனலைஸுடன் ஒருமுறை இயக்கி, வரும் வெளியீட்டை முழுவதுமாக அனுப்பு. படமாக அனுப்பாமல் எழுத்தாகவே அனுப்பு. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பார்த்து எழுதுகிறேன். அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

என்றும் அன்புடன்,
கதிரேசன்