புதினை நகர்த்துவது நேட்டோ மட்டும்தானா, மாமா?

அன்புள்ள மாமா,

"நேட்டோ வாசல்வரை வந்து நின்றால் புதின் சும்மா இருப்பாரா?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். உக்ரைனும் ஜார்ஜியாவும் ஒருநாள் உறுப்பினராகும் என்று 2008-ல் புகாரெஸ்ட் மாநாட்டில் நேட்டோ ராணுவக் கூட்டணி அறிவித்தது, யாரும் மறுக்க முடியாது. ஆனால் 2023-ல் பின்லாந்து சேர்ந்தபோது ரஷ்யாவை ஒட்டி நேட்டோவுக்கு 1,300 கிலோமீட்டருக்கும் மேல் புது எல்லை கிடைத்ததே! அந்த நாடு சேர்வதால் நேரடி அச்சுறுத்தல் இல்லை, அங்கே படைத்தளம் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று புதின் 2022-லேயே சொல்லிவிட்டார். அப்படியானால் உக்ரைனில் மட்டும் ஏன் இந்தப் பிடிவாதம்? பாதிப் பதிலாவது ரஷ்யாவுக்குள்ளேயே இருக்கிறது என்பது என் எண்ணம்.

1999 ஆகஸ்டில் புதின் பிரதமரானபோது அவரை ஆதரித்தவர்கள் 31 சதவீதம். பிரிந்துபோக முயன்ற செச்சன்யாவில் இரண்டாம் போர் தொடங்கிய சில மாதங்களில் அது 80-ஐத் தாண்டியது. 2011, 2012-ல் தேர்தல் மோசடியைக் கண்டித்து மாஸ்கோவின் போலோட்னயா சதுக்கத்தில் மக்கள் திரண்டார்கள். 2013 கடைசியில் ஆதரவு 61-க்கு இறங்கியிருந்தது. உக்ரைனிடமிருந்து கிரிமியாவைப் பிடித்தார், 2014 அக்டோபரில் 88. எல்லாம் ரஷ்யாவில் கருத்துக்கணிப்பு நடத்தும் லெவாடா மையத்தின் கணக்கு. (பயம் நிறைந்த நாட்டில் கருத்துக்கணிப்பை எவ்வளவு நம்பலாம் என்று கேட்பீர்கள். அளவை விடுங்கள், ஏற்ற இறக்கத்தைப் பாருங்கள்.)

ஆனால் ஆதரவை ஏற்றும் இந்தப் போர் மருந்து எப்போதும் வேலை செய்யவில்லை. 2018-ல் உலகக் கோப்பை தொடங்கிய அன்றே ஓய்வூதிய வயதை உயர்த்தும் திட்டத்தை அரசு அறிவித்தது. ஆதரவு சரிந்தது. அந்த நவம்பரில் கெர்ச் நீரிணை அருகே உக்ரைன் கப்பல்களைப் பிடித்தும் எழவில்லை. 2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது முழுப் படையெடுப்பு; செப்டம்பரில் 3 லட்சம் பேரைப் படைக்கு அழைத்ததும் லட்சக்கணக்கானவர்கள் நாட்டை விட்டே கிளம்பிவிட்டார்கள். கிரிமியாவுக்குக் கைதட்டியவர்கள், தங்கள் வீட்டுப் பிள்ளைக்கு அழைப்பு வந்ததும் தட்டத் தயாராக இல்லை.

அதனால் இப்போதைய போர் கைதட்டலை நம்பி நடக்கவில்லை. வாயை அடைக்கவும் பணத்தைப் பிரித்துக் கொடுக்கவும்தான் அது அதிகம் பயன்படுகிறது. படையெடுத்து பத்து நாள்கூட ஆகவில்லை, ராணுவத்தைப் பற்றிப் 'பொய்' பரப்பினால் 15 ஆண்டுவரை சிறை என்று சட்டம் வந்தது. எக்கோ மாஸ்க்வி வானொலியை மூடினார்கள், தோஷ்த் தொலைக்காட்சி ஒளிபரப்பை நிறுத்தியது. சமாதான காலத்தில் இதே சட்டத்தை இவ்வளவு சுலபமாகக் கொண்டுவந்திருக்க முடியுமா?

பணக்கதை இன்னும் சுவாரசியம். கட்டாய ஆள்சேர்ப்பு கசந்ததும் ஒப்பந்தப் படைக்கு மாறினார்கள். கையெழுத்திட்டதும் தரும் தொகையை 2024-ல் மத்திய அரசு 4 லட்சம் ரூபிளாக்கியது. மாகாணங்கள் தனியாகவும் கொடுக்கின்றன. புரியாத்தியா, துவா போன்ற ஏழை வட்டாரங்களுக்கு இது இதுவரை பார்க்காத காசு. ஆயுத ஆலைகளுக்கு ஓயாத வேலை. அப்புறம், போரிலிருந்து திரும்புகிறவர்களை நிர்வாகப் பதவிகளுக்குத் தயார் செய்ய 'வீரர்களின் காலம்' என்றொரு திட்டமும் உண்டு.

நேட்டோவைப் பற்றி நாளைக்கே ஒரு உடன்பாடு எழுதிக் கையெழுத்திட்டுவிடலாம். ஆனால் அந்தச் சட்டத்தையும், அந்தச் சம்பளத்தையும், அந்தப் பதவிகளையும் என்ன செய்வார்? அடுத்த முறை பேசும்போது இதற்கு உங்கள் பதிலைச் சொல்லுங்கள், மாமா.

அன்புடன்,
உங்கள் மருமகன்