10 மதிப்பெண் வந்தால் லூபஸா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

எதிர்ப்புச் சக்தி சொந்த உடலையே தாக்கும் லூபஸ் நோய் பற்றி உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரை, அறிகுறிகளுக்கும் சோதனை முடிவுகளுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டும் பட்டியலை, ஐரோப்பிய, அமெரிக்க வாதநோய் அமைப்புகள் சேர்ந்து 2019-இல் வெளியிட்டதை, நன்றாகவே விளக்கியிருந்தது. ஆனால் ‘10 வந்தால் லூபஸ், வராவிட்டால் இல்லை’ என்று முடித்தது சரியல்ல. அது ஆய்வுகளில் ஒரே தன்மையுள்ள நோயாளிகளைச் சேர்ப்பதற்கான வகைப்பாடு. நோயைக் கண்டறிவது வேறு வேலை.

பட்டியலின் வாசல் ஏஎன்ஏ சோதனை; சொந்த அணுக்கருவையே தாக்கும் எதிர்பொருள் இரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது. ஒருமுறையாவது 1:80 (இரத்தநீரை 80 மடங்கு நீர்த்த பிறகும் பாசிட்டிவ்) அல்லது அதற்கு மேல் வந்திருந்தால்தான் மேற்கொண்டு எண்ண வேண்டும். ஆனால் நோயே இல்லாதவர்களிலும் 100-க்குச் சுமார் 13 பேருக்கு அந்த அளவில் பாசிட்டிவ் வரும். ரிப்போர்ட்டில் அந்தச் சொல்லைப் பார்த்ததுமே பதற வேண்டியதில்லை.

அடுத்து எண்ணுவதில் வரும் பிழைகள். ஒரு பிரிவில் எத்தனை அறிகுறி இருந்தாலும் பெரிய மதிப்பெண் ஒன்றுக்குத்தான் கணக்கு. முடி உதிர்வு 2, வாய்ப்புண் 2, கன்னத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவச் சிவப்பு 6. மூன்றும் தோல், வாய் சார்ந்த ஒரே பிரிவு என்பதால், எல்லாம் இருந்தாலும் 10 அல்ல, 6 மட்டுமே. முடி உதிர்வையும் வாய்ப்புண்ணையும் மருத்துவர் நேரில் பார்த்திருக்க வேண்டும். வெறும் மூட்டுவலிக்கு 6 கிடையாது: இரண்டு மூட்டுகளிலாவது அழற்சி வீக்கம் வேண்டும், அல்லது தொட்டால் வலியும் காலையில் அரை மணி நேரமாவது விறைப்பும் வேண்டும். பலரும் முதலில் சொல்லும் சோர்வுக்குப் பட்டியலில் இடமே இல்லை.

மதிப்பெண் கூட்டும் கணிப்பானில் டிக் போடுகிறவர்கள் கோட்டை விடுவது இன்னொரு விதியை: ஓர் அறிகுறிக்கு லூபஸைவிடப் பொருத்தமான காரணம் இருந்தால் அதை எண்ணக் கூடாது. வைரஸ் காய்ச்சலில் வெள்ளணு 4000-க்குக் கீழே இறங்கினால் அதற்கு 3 போடுவது தப்புக் கணக்கு. சொந்த டிஎன்ஏவைத் தாக்கும் டிஎஸ்டிஎன்ஏ எதிர்பொருளுக்கு 6 உண்டு. ஆனால் எலிசா என்னும் இரத்தச் சோதனையில் எல்லைக்கோட்டில் வரும் பாசிட்டிவை, கிரிதிடியா என்னும் நுண்ணுயிரை வைத்துச் செய்யும் சோதனை முறையில் சரிபார்க்காமல் நம்புவது ஆபத்து.

பட்டியல் மோசம் என்று சொல்ல வரவில்லை. பழைய 1997 பட்டியலில் 11 அம்சங்களில் 4 இருந்தால் போதும். தோலிலும் வாயிலும் மட்டுமே அந்த நான்கையும் எட்டிவிடலாம். பட்டியல்களைச் சரிபார்த்த நோயாளிக் குழுவில் அதன் உணர்திறன் (நோயுள்ளவர்களைப் பிடிக்கும் திறன்) 82.8 சதவீதம், புதியதன் உணர்திறன் 96.1. தனித்தன்மை (நோயில்லாதவர்களை விலக்கும் திறன்) இரண்டுக்கும் 93.4. ஆனால் அந்தக் குழு வாதநோய் மையங்களில் திரட்டியது. பொது மருத்துவரிடம் வரும் 1000 பேரில் 50 பேருக்கே லூபஸ் என்றும், இதே விகிதம் அங்கும் செல்லும் என்றும் வைத்துக்கொள்வோம். புதிய பட்டியல் 48 பேரைச் சரியாகப் பிடிக்கும். நோயில்லாத 950 பேரில் 63 பேரையும் சேர்த்துப் பிடிக்கும். 10 தொட்டவர்களில் பாதிக்கு மேல் நோயில்லாதவர்கள்!

மறுபக்கமும் உண்டு. ஒருவருக்குப் பிளேட்லெட் ஒரு லட்சத்துக்குக் கீழே போனால் 4, இரத்தத்திலுள்ள எதிர்ப்புப் புரதங்களான சி3, சி4 இரண்டும் குறைந்தால் 4, மொத்தம் 8. ஆய்வில் இவருக்கு இடமில்லை. ஆனால் வேறு காரணங்களை விலக்கிய பின் லூபஸ்தான் என்று மருத்துவருக்குத் தோன்றினால், மீதி 2 மதிப்பெண்ணுக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட மாட்டார்.

இப்படிக்கு,
வாதநோய் மருத்துவர் ஒருவர்