கல்லூரிச் சேர்க்கைக்குத் துணை நின்றவர்களுக்கு, ஏற்காட்டிலிருந்து நன்றி

அன்புடையீர், வணக்கம்.

சேர்வராயன் மலை ஊர்களில் இந்த ஆண்டு பிளஸ் டூ முடித்த எங்கள் பிள்ளைகள் கல்லூரியில் சேர்ந்துவிட்டார்கள். பெண்பிள்ளைகள் பெரும்பாலும் கோரிமேடு அரசு மகளிர் கலைக் கல்லூரியில். பையன்களில் ஒருவனுக்குக் கலந்தாய்வில் கருப்பூர் அரசுப் பொறியியல் கல்லூரி கிடைத்திருக்கிறது. வாழ்த்துகள் எங்களுக்கு வருகின்றன. அவற்றில் பாதிக்கு மேல் உங்களுக்குச் சேர வேண்டியவை.

அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியலில் 7.5 விழுக்காடு இடம், 2022இல் வந்த புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய், பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன், பழங்குடி மாணவர்களுக்கு உதவித்தொகை, விடுதி என்று எல்லாமே இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டுத் தாள் கேட்கிறார்கள். மதிப்பெண் போதாமல் படிப்பை விட்டவர்களைவிட, தாள் சரியில்லாமல் விட்டவர்களைத்தான் எங்கள் ஊர்களில் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அதனால் முதல் நன்றி பிரவுசிங் சென்டர் அண்ணனுக்கு. அப்பா பெயர் ஆதாரில் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, டி.சி.யில் இன்னொரு மாதிரி. ஓ.டி.பி. வரவேண்டிய செல்போனோ காபித் தோட்டத்தில் வேலையில் இருக்கும் அப்பாவிடம். அங்கே டவரும் கிடையாது. எஸ்டேட் ரைட்டருக்கு (தோட்டத்துக் கணக்கருக்கு) போன் போட்டு, அவர் ஆள் அனுப்பி, அப்பாவை மேட்டுக்கு வரவழைத்து எண்ணைச் சொல்ல வைத்து... அதற்குள் நேரம் முடிந்து, மறுபடியும் முதலிலிருந்து! அண்ணன் ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. ரைட்டர் ஐயா, உங்களுக்கும் அதே நன்றி. தோட்ட வேலையை நிறுத்தி ஆளைக் கூப்பிடுவது உங்களுக்கு எவ்வளவு சங்கடம் என்று தெரியும்.

எங்கள் மலையாளி சமூகத்துக்கு (கேரளத்தவர் அல்ல, இந்த மலையில் வாழும் பழங்குடியினர்) எஸ்.டி. சான்றைத் தாசில்தார் தர முடியாது. கோட்டாட்சியர் தர வேண்டும். பெற்றோரிடமே சான்று இல்லாத வீடுகளில் விசாரணை இழுத்துக்கொண்டே போகும். பழைய நிலப் பத்திரத்தையும் பெரியப்பா மகனின் சான்றையும் தேடிக் கொடுத்த ஊர்ப் பெரியவர்களும், ஊருக்கே நேரில் வந்து விசாரித்த கிராம நிர்வாக அலுவலரும் இல்லையென்றால் கடைசித் தேதி கடந்திருக்கும். (ஒரு வங்கிக் கிளையில் மட்டும், கணக்கோடு ஆதாரை இணைக்க எங்களை அலைய விட்டதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த இணைப்பு இல்லாவிட்டால் உதவித்தொகைப் பணம் வந்து சேராது.)

மே மாதத்தில் ஏற்காட்டில் பஸ் ஏறுவதே பெரும்பாடு. சுற்றுலாக் கூட்டத்துக்கு நடுவே எங்கள் பிள்ளைகளை முதலில் ஏற்றிவிட்ட கண்டக்டர்களுக்கு நன்றி. 20 கொண்டை ஊசி வளைவில் தலை சுற்றிய பெண்ணுக்கு எலுமிச்சம்பழம் கொடுத்தவருக்குத் தனியாக ஒரு நன்றி.

அப்புறம், கோரிமேட்டில் இரண்டாம் ஆண்டு படிக்கும் அக்காக்களே, நீங்கள் செய்ததுதான் பெரிது என்று எனக்குப் படுகிறது. எந்தப் பாடம் எடுத்தால் என்ன வேலை, விடுதிச் சாப்பாடு எப்படி, வீட்டு நினைவு வந்து அழுதால் எத்தனை நாளில் அடங்கும் என்பதையெல்லாம் எந்த வழிகாட்டி முகாமிலும் யாரும் சொல்வதில்லை. நீங்கள் சொன்னீர்கள். பெண் பார்க்க வந்தவர்களை, "படிப்பு முடியட்டும், அப்புறம் பேசலாம்" என்று அனுப்பிவைத்த அம்மாவுக்கு அந்தத் தைரியம் உங்களைப் பார்த்துத்தான் வந்ததாம். அவரே சொன்னார்.

வேலை இன்னும் முடியவில்லை. உதவித்தொகையை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். இந்த முறை வருமானச் சான்றுக்கு முன்னதாகவே விண்ணப்பித்துவிடுவோம். ஓ.டி.பி.க்கு மட்டும், ரைட்டர் ஐயா, மறுபடியும் போன் வரும்.

இப்படிக்கு,
சேர்வராயன் மலை ஊர்களின் பெற்றோர், மாணவர் சார்பில்